விதி எண் பதினான்கு

மார்ச் 4, திங்கள்
ஒன்பது ஆண்டுகள் நான் முதல்வராக இருந்த சமுதாயக் கல்லூரி, இன்று என்னைக் கல்வி ஆலோசகராக அழைத்தது. மாலைப் பிரிவை மூடலாமா என்று ஆராய்ந்து சொல்ல வேண்டும். அன்று எனக்குத் துணை முதல்வராக இருந்தவர்தான் இன்றைய முதல்வர்.

"சார், இந்தத் தடவையாவது 'பரிசீலிக்கலாம்'னு முடிச்சிடாதீங்க. மூடணுமா, வேண்டாமா? அவ்வளவுதான்."

பரிசீலிப்பதாகச் சொன்னேன்.

மார்ச் 11, திங்கள்
சேர்ந்தவர்கள் முப்பத்து நான்கு பேர். வருகைப் பதிவேட்டின்படி, நாளொன்றுக்கு வருவோர் சராசரியாக ஒன்பது. மூடலாம். (பதிவேடு சரியானது எனக் கொண்டால்.)

மார்ச் 12, செவ்வாய்
பெயர்ப் பட்டியலைச் சரிபார்த்தேன். மின்சாதனப் பழுதுபார்ப்பு வகுப்பில் பதினேழாவது பெயர் என் மனைவியுடையது. முகவரியும் எங்களுடையதே, ஆகவே வேறு யாரோ என்ற வாதத்துக்கு இடமில்லை. பதினான்கு வகுப்புகளில் பன்னிரண்டுக்கு வரவில்லை.

செவ்வாயும் வியாழனும் மருத்துவமனை வரவேற்பில் வேலை கூடுதல் என்கிறாளே. வகுப்புக்கும் போகவில்லை என்றால் - எங்கே போகிறாள்?

வந்ததும் கேட்டேன்.

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா விண்ணப்பத்தைத் திருத்த உட்காருவீங்க. அந்தப் பருவமே முடிஞ்சு போயிருக்கும்."

"சரி. பன்னிரண்டு நாள் ஏன் போகல?"

"யாரு போகல? ஒரு நாள் விடல! ஆறு மணிக்கு வேலை முடிஞ்சு ஓடினா ஆறு இருபது ஆயிடுது. ஆறு பத்துக்கே பதிவேட்டை மூடிடறாங்க. முக்கால்வாசிப் பேருக்கு இதே கதைதான். எந்தப் புண்ணியவான் போட்ட விதியோ!"

விதி எண் பதினான்கு. புண்ணியவான் நான்.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு வெகுநேரம் சிரித்தாள்.

மார்ச் 14, வியாழன்
ஆறரை மணிக்குக் கல்லூரிக்குப் போய், கதவுக் கண்ணாடிகள் வழியே எண்ணினேன். முப்பத்தொருவர். இரண்டு முறை எண்ணினேன். என் மனைவி ஓர் இஸ்திரிப் பெட்டியைத் திறந்துவைத்து அதைத் திட்டிக்கொண்டிருந்தாள். அந்தத் தொனி எனக்குப் பழக்கமானதுதான்.

மார்ச் 18, திங்கள்
மனைவி அங்கே மாணவி என்பதால் ஆலோசகர் பொறுப்பிலிருந்து விலகுவதாக எழுதிக் கொடுத்தேன். முறைப்படி அதுவே சரி.

"நீங்க ஒதுங்கிட்டா, நிர்வாகக் குழு அந்தப் பதிவேட்டை வச்சே மூடிடும், சார்" என்றார் முதல்வர்.

அதையும் யோசித்திருந்தேன். முன்னாள் முதல்வர் என்ற முறையில் இன்னொரு தாளை நீட்டினேன்: "மாணவர்கள் வருகிறார்கள். பதிவேடுதான் முன்னதாக மூடப்படுகிறது. அந்த விதி என்னுடையது, பிழையும் என்னுடையது. ஆறரை மணிக்கு எவரும் வந்து எண்ணிப் பார்க்கலாம். மாலைப் பிரிவை மூடக் கூடாது."

அவர் இருமுறை படித்தார். "சார், உடம்பு நல்லாத்தானே இருக்கு?"

மார்ச் 27, புதன்
குழுவினர் மூவர் நேற்று மாலை வந்து எண்ணினார்களாம். முடிவு இன்னும் வரவில்லை. எனக்கு வேறு வேலையும் வரவில்லை.

ஜூலை 2, செவ்வாய்
மாலைப் பிரிவில் புதிய பருவத்தின் முதல் நாள். செவ்வாய், வியாழன் சமையல் இனி என் பொறுப்பு. உப்புப் போட்டதாக நினைவு. உறுதியாகச் சொல்லக்கூடியவள் எட்டரைக்குத்தான் வருவாள்.