பக்கத்து லயத்துப் பெண்

ஜூலை 8, செவ்வாய். கொட்டகலை.

செல்வி தூங்கிவிட்டாள், அல்லது தூங்குவதுபோல் படுத்திருக்கிறாள்.

குன்னூரிலிருந்து என்னைக் கட்டிக்கொண்டு வந்தவள். அவளுடைய இந்தியப் பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்கக் கொடுத்து மாதக்கணக்காகிறது. அது கைக்கு வராமல் இங்கே இலங்கையில் விசாவை நீட்டிக்க மாட்டார்கள். விசாவோ போன மாதமே முடிந்துவிட்டது.

இன்று காலை கிராம சேவகர் எங்கள் தேயிலைத் தோட்டத்து லயங்களில் வீடு வீடாக ஆள் பதிய வந்தார். புதிதாக மாற்றலாகி வந்த சிங்களவர். செல்வி பிளேன்டீ கொண்டுவந்து வைத்தாள். இது யார் என்று கேட்டார். விசா முடிந்தது தெரிந்துவிடுமோ என்று பயம். பக்கத்து லயத்துப் பெண், சமைத்துக் கொடுக்க வருகிறாள், என் மனைவி இந்தியாக்காரி, குன்னூரில் அம்மா வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்று சிங்களத்தில் சொன்னேன்.

அவளுக்குச் சிங்களம் சொல்லிக்கொடுத்ததே நான்தான்.

தாலியை மெல்ல ரவிக்கைக்குள் தள்ளிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு, தூறலில் இறங்கிப் போனாள். நான் கூப்பிடவில்லை.

அவர் ஆற அமர டீயைக் குடித்தார். எழுந்தபோது, மனைவியின் விசாவுக்குக் கடிதம் ஏதும் தேவைப்பட்டால், அவர் ஊரிலிருந்து வந்ததும் கூட்டிக்கொண்டு வாருங்கள், எழுதித் தருகிறேன் என்றார். நல்ல மனிதர். இனி அவர் முன்னால் யாரைக் கூட்டிக்கொண்டு போய் நிற்பேன்?

அவர் போனதும் செல்வி வந்தாள். திறந்து கிடந்த கதவைத் தட்டினாள்.

"உள்ள வரலாங்களா?"

"என்ன செல்வி இது, உன் வீடுதானே."

"அத அவருகிட்ட சொல்லியிருக்கலாமுங்க."

அவ்வளவுதான். கப்பை எடுத்துக் கழுவப் போய்விட்டாள்.

தாலியை இன்னும் வெளியே எடுத்துப் போடவில்லை.