டாக்டர் சொன்ன நடை

வேலம்பாளையம்

அன்புள்ள அப்பாவுக்கு, அனுசுயா வணக்கத்துடன் எழுதுவது. உங்கள் சர்க்கரை குறைந்திருக்கிறதா? நான் நலம்.

போன வாரம் கம்பெனிக்கு வந்த ஒரு டாக்டர், உட்கார்ந்தே இருந்தால் ஆயுள் குறையும், அடிக்கடி எழுந்து நடங்கள் என்றார். சூப்பர்வைசர் மயில்சாமிதான் முதலில் கைதட்டினார். மறுநாள் தையல் மெஷினை விட்டு எழுந்தேன். "ஏங்கண்ணு, ஆயுசக் கூட்டறயா? மொதல்ல பீஸக் கூட்டு, உக்காரு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.

வேலை முடிந்ததும் வேனில் ஏற்றி விடுதியில் இறக்கிக் கேட்டைப் பூட்டிவிடுகிறார்கள். அதனால் எனக்கும் சேர்த்து நீங்களே நடங்கள்.

பொங்கலுக்கு வாங்கித் தந்த செருப்பு காலையில் சரியாக இருக்கிறது, சாயங்காலமானால் காலுக்குப் பத்தவில்லை. உங்கள் பழைய செருப்பை அனுப்புங்கள். அம்மா கேட்டால், என்னுடையது தொலைந்துவிட்டதாகச் சொல்லுங்கள். வேன் வந்துவிட்டது.

அனுசுயா