எட்டு எங்கே இருக்கிறது

தேவாலா,
ஞாயிற்றுக்கிழமை.

பாசமுள்ள மாமாவுக்கு,

உங்கள் மனைவி ரேணுகா எழுதுவது. திருப்பூரில் உங்களுக்குக் காய்ச்சல் விட்டிருக்கும் என்று நம்புகிறேன். இங்கே மழை விடவே இல்லை. மண் சரிந்து கூடலூர் பஸ் நின்று, நேற்றுத்தான் ஓட ஆரம்பித்தது. போனில் பேசினால் எனக்கு அழுகை வருகிறது, உங்களுக்குக் கோபம் வருகிறது. அதனால்தான் திருப்பூர் வருகிற பழனியாண்டி அண்ணனிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். கடைசி வரை படியுங்கள்.

நம் வாணியை வருகிற வாரம் கோயம்புத்தூர் ஹாஸ்டலில், மூளை வளர்ச்சி இல்லாத பிள்ளைகளோடு சேர்ப்பதாக முடிவு பண்ணிவிட்டீர்கள். படியில் வழுக்கி விழுந்ததிலிருந்து அவளுக்குச் சின்னக் கூட்டல்கூட வரவில்லை, தலையில்தான் அடி என்று பியாட்ரிஸ் டீச்சர் சொன்னார். லயத்து வீடுகள் முழுக்க அதே பேச்சு. ஸ்கேன் பார்த்த டாக்டர் தலையில் ஒரு குறையும் இல்லை, வலது கை நரம்புதான் நசுங்கியிருக்கிறது, விரல் அசைய நாளாகும், அசையாமலும் போகலாம் என்றார். அதை நான் எத்தனை தடவை சொன்னேன்? யார் சொன்னாலும் நம்புவீர்கள், பெண்டாட்டி சொன்னால் மட்டும் காது அடைத்துக்கொள்ளும் உங்களுக்கு.

தேயிலைக் கொழுந்து நிறுக்கிற இடத்தில் நாம் எப்படி எண்ணுகிறோம்? வலது கையில் சுண்டுவிரல் அடிக்கோட்டில் அதே கைக் கட்டைவிரலை வைத்து, கோடு கோடாக ஏறுவோம். வாணியும் அதைப் பார்த்துத்தான் கணக்குப் படித்தாள். அவள் மனக்கணக்குப் போடுகிறாள் என்று டீச்சர் மெச்சிக்கொண்டபோதெல்லாம் பெஞ்சுக்கு அடியில் அவள் கட்டைவிரல் ஓடிக்கொண்டிருந்தது. இப்போது அந்த விரல் ஓடவில்லை, அவ்வளவுதான் மாமா.

இடது கையில் எண்ணேன்டி என்று புதன்கிழமை அவளை அதட்டினேன். அந்தக் கையையே ரொம்ப நேரம் பார்த்தாள்.

"இந்தக் கையில எட்டு எங்க இருக்குன்னு தெரியலம்மா" என்றாள்.

அப்புறம் தானாக வந்து என் மடியில் உட்கார்ந்து, முதுகை என்மேல் சாய்த்துக்கொண்டாள். என் வலது கையை இழுத்துத் தன் வலது கை இருக்கிற இடத்தில் வைத்தாள். ஏழும் நாலும் எவ்வளவு என்றேன். இடது கையால் என் கட்டைவிரலைப் பிடித்து நகர்த்திப் பதினொன்று என்றாள். கேட்கக் கேட்கச் சொன்னாள், கழித்தலும் சொன்னாள். ஒன்றுகூடத் தப்பில்லை. நடுவில் நான் முந்தானையைச் சரிசெய்யப் போனதற்கு, கையை ஆட்டாமல் இருக்கச் சொன்னாள்.

மறுநாளே டீச்சரிடம் போய்ச் சொன்னேன். அவர் நல்லவர்தான், கண் கலங்கினார். ஆனால் தினமும் நீங்கள் வகுப்பில் வந்து உட்கார முடியுமா என்று கேட்டார். முடியாது. இன்னொரு நாள் லீவு போட்டால் வேலைக்கே வர வேண்டாம் என்று கங்காணி சொல்லிவிட்டார். நான் என்ன பண்ணட்டும்? யாரிடம் போய் நிற்கட்டும்?

போன வாரம் போனில் மூளை கெட்டவள் என்று கத்தினீர்களே, ஸ்பீக்கரில் இருந்தது. பிள்ளை பக்கத்தில்தான் இருந்தாள். நீங்கள் வைத்த பிறகு என்னிடம் கேட்டாள்.

"என் மூளை கையிலயாம்மா இருந்துச்சு?"

நான் அடுப்பங்கரைக்குப் போய்விட்டேன். அன்றிலிருந்து அந்தக் கையைத் துண்டில் சுற்றியே வைத்திருக்கிறாள், சாப்பிடும்போதுகூட.

தினம் விரலை நீவிவிட்டுப் பயிற்சி கொடுக்கச் சொல்கிறார் டாக்டர். ஹாஸ்டலில் அதை யார் செய்வார்கள்? எண்ணுவதற்கு யார் கை கொடுப்பார்கள்?

வாருங்கள் மாமா. ஆனால் அவளைக் கூட்டிப் போக வராதீர்கள். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, அவளை மடியில் உட்காரவைத்து உங்கள் வலது கையைக் கொடுத்துப் பாருங்கள். அவள் உங்கள் விரலைப் பிடித்து எண்ணி முடித்த பிறகும் அனுப்பத்தான் வேண்டும் என்றால், நானே அவள் துணிமணியைக் கட்டிக் கொடுக்கிறேன்.

மாரியம்மன் உங்களுக்கு உடம்பு சுகத்தையும் பொறுமையையும் கொடுக்கட்டும்.

உங்களை எதிர்பார்த்திருக்கும்,
ரேணுகா