பதினெட்டு அடி

பிரான்புரி
மார்ச் 4

அன்புத் தம்பி கம்ரோனுக்கு,

இது உன் கைக்கு வரும்போது உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருப்பாய் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். நாங்கள் இங்கே இருக்கிறோம். போனில் அழைத்தால் நீ எடுப்பதில்லை. அதைக் குறையாகச் சொல்லவில்லை. எடுத்தாலும் எனக்குப் பேச வராது. எழுதினால் அடித்துத் திருத்தலாம். இது மூன்றாவது முறை எழுதுவது.

பத்து நாளாகத் தெற்குக் காற்று. நம் கோல்ஃப் மைதானத்தில் கடல் ஓரத்து நான்கு ஆட்டத் தளங்களிலும் புல் நுனியில் உப்புப் பொரிந்திருக்கிறது. விடியற்காலையில் நல்ல தண்ணீர் விட்டு அலசுகிறோம், மத்தியானம் மறுபடி பொரிகிறது. பதினோராவது தளக் குளத்து உடும்பு கரையேறி ஒரு கொரியாக்காரரின் பந்தை விழுங்கிவிட்டதாம். ஆட்டப் பை தூக்கும் பெண்கள் இரண்டு நாளாக அதையே சொல்லிச் சிரிக்கிறார்கள். விதிப்படி அது எத்தனை அடியாகக் கணக்கு என்று என்னிடம் கேட்டார்கள். புத்தகத்தைப் பார்த்துச் சொல்கிறேன் என்றேன். அதற்கும் சிரித்தார்கள்.

ஏழாவது கிரீன், குழியைச் சுற்றிய அந்தக் குட்டைப் புல் வட்டம், தேறிவிட்டது. செத்துப்போன புல்லை எல்லாம் குழி வெட்டும் உருளையால் வட்ட வட்டமாக எடுத்துவிட்டு, நாற்றுத் திட்டிலிருந்து அதே அளவு வட்டங்களைக் கொண்டுவந்து வைத்தேன். மொத்தம் நானூற்றுப் பன்னிரண்டு. ஆட்களை விடவில்லை, நானே செய்தேன். முதலில் அம்மை வடு மாதிரி தெரிந்தது. இப்போது குனிந்து பார்த்தால்தான் தெரியும். அது கருகிய அன்று மணிக்கு மணி எப்படி இருந்தது, இன்று எப்படி இருக்கிறது என்று யாராவது கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியும். எனக்கு எப்படி இருக்கிறது என்று கேட்டால் தெரியாது.

எழுத வந்த விஷயம் வேறு. நீ வேலைக்கு மனுப் போட்ட ராயோங் கடற்கரை மைதானத்திலிருந்து எனக்கு ஒரு படிவம் வந்திருக்கிறது. மனுதாரர் குறிப்பிட்ட நபர் என்று என் பெயர் அச்சாகியிருக்கிறது. நீதான் கொடுத்தாயா, அல்லது அவர்களே கண்டுபிடித்துப் போட்டார்களா என்று எனக்குப் புரியவில்லை. மூன்று கேள்விகள். எத்தனை வருடம் வேலை செய்தார், ஏன் நின்றார், மறுபடி இவரை நீங்கள் வேலைக்கு வைப்பீர்களா. இருபதாம் தேதிக்குள் பதில் போய்ச் சேராவிட்டால் உன் மனுவைத் தள்ளிவிடுவார்களாம்.

முதல் கேள்விக்குப் பதினேழு என்று எழுதிவிட்டேன். இரண்டாவதற்கு 'சொந்த விருப்பத்தின் பேரில்' என்று எழுதலாம் என்று எண்ணுகிறேன். அது உனக்குக் கெடுதல் செய்யாது. நிர்வாகி சித்திபோங்கும் ஆட்சேபிக்க மாட்டார். உனக்குச் சம்மதமா என்று ஒரு வரி போடு.

நீ அங்கே மீன்சாறு ஆலையில் தொட்டி கழுவுவதாக அக்கா சொன்னாள். வாடை தலைக்கு ஏறும், துணி கட்டிக்கொள்.

உன் அண்ணன்,
தவின்


பிரான்புரி
மார்ச் 12

அன்புத் தம்பிக்கு,

உன்னிடமிருந்து பதில் வரவில்லை. தபால் தாமதமாகவும் இருக்கலாம்.

'இருக்கலாம்' என்று எழுதியதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். ஒரு மணி நேரம் கழித்துத்தான் எடுத்தேன். இந்தச் சொல்லைப் பற்றி எழுதாமல் மேலே போக முடியாது போலிருக்கிறது.

உரிமையாளரின் விருந்தாளிகள் ஆட வருவதற்கு ஆறு நாள் முன்பு ஏழாவது கிரீன் கருகியது. நிர்வாகி நம் இருவரையும் அறைக்குக் கூப்பிட்டார். நீ வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு நின்றாய். களைக்கொல்லி அடித்த வண்டியைச் சரியாகக் கழுவாமல் கிரீனுக்கு உரத் தண்ணீர் அடித்தாயா என்று அவர் கேட்டார். நீ அவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்துத்தான் சொன்னாய். "மூணு தரம் தொட்டிய அலசுனேன்ணே. உங்க தாளப் பாத்துப் பாத்துத்தான் செஞ்சேன். நீங்களே சொல்லுங்கண்ணே" என்றாய். அவர் என் பக்கம் திரும்பி, "கழுவாம விட்டிருக்கலாமோ பெரியவரே?" என்றார். நான் இருக்கலாம் என்றேன். நீ இருவரையும் கும்பிட்டுவிட்டுப் போனாய்.

அப்போது என் சட்டைப் பையில் அளவு நாடா இருந்தது. அன்று காலையிலேயே நான் கிரீனை அளந்திருந்தேன். கருகியது முழு வட்டமும் இல்லை, இரண்டே கோடுகள். ஒவ்வொன்றும் ஒரு முழம் அகலம். இரண்டுக்கும் நடுவில் பதினெட்டு அடி நல்ல பச்சை. தொட்டியில் விஷம் மிச்சம் இருந்திருந்தால் அந்தப் பதினெட்டு அடியும்தான் செத்திருக்கும். வண்டியின் தெளிப்புக் குழாயை விரித்தால் ஒரு முனைக்கும் மறுமுனைக்கும் அதே பதினெட்டு அடி என்று உனக்கே தெரியும். தொட்டி சுத்தமாகத்தான் இருந்தது. குழாயின் இரண்டு முனைகளில்தான் பழைய மருந்து தேங்கியிருந்தது. இதை நோட்டில் எழுதினேன். நோட்டை மேஜைக்குள் வைத்துப் பூட்டினேன். அதன் பிறகுதான் நிர்வாகி அறைக்கு வந்தேன்.

ஏன் சொல்லவில்லை என்று இத்தனை நாளும் என்னையே கேட்டுப் பார்த்தேன். பயம் என்று சொன்னால் பொருந்துகிறது. என்ன பயம் என்று அப்போது எனக்கே தெளிவாகத் தெரியாது. இப்போது தெரிகிறது. அதையும் எழுதுகிறேன்.

நாலு நாள் முன்பு எனக்கு மனைவி என்பதைவிட உனக்கு அக்காவாகவே இருக்கும் ராம்பை அந்தப் படிவத்தை எடுத்துப் பார்த்துவிட்டாள். சோற்றைப் போட்டு வைத்துவிட்டு வெளியே போய் உட்கார்ந்துகொண்டாள். நான் சாப்பிட்டு முடித்துத் தட்டைக் கழுவினேன். அப்போது வாசலிலிருந்தே சொன்னாள். "நல்லாக் கழுவுங்க. மூணு தரம் கழுவுங்க. அப்புறம் யாராவது வந்து கேட்டா, கழுவாம இருந்திருக்கலாம்னு நானும் சொல்றேன்."

மறுநாள் ஆட்டப் பை தூக்கும் பெண்கள் எல்லாம் முதல் ஆட்டத் தளத்துக் காவல் சாமியின் சின்ன வீட்டுக்கு மாலை போட்டுக்கொண்டிருந்தபோது நான் அந்த வழியாகப் போனேன். நீ கிரீனுக்கு மருந்து அடிக்கும் நாளில் எல்லாம் அங்கே ஒரு சிவப்பு சோடா வைப்பாயே, அந்த இடம் காலியாக இருந்தது. அவர்களில் பூன்மீ என்னைப் பார்த்து, "கம்ரோன் அன்னிக்குப் பச்சை சோடா வெச்சிட்டானாம் பெரியப்பா, அதான் சாமிக்குக் கோவம்" என்றாள். மாலை போட வந்திருந்த ராம்பை அவள் கையிலிருந்து மாலையை வாங்கிக்கொண்டு, "சாமிய விடுடி. அது ஒண்ணுதான் இங்க யார் மேலயும் பழி போடாம நிக்குது" என்றாள். யாரும் சிரிக்கவில்லை. நான் குழி வெட்டப் போய்விட்டேன். அன்று ஒன்பதாவதில் குழியைச் சரிவில் வெட்டிவிட்டேன். நாற்பது வருடத்தில் அப்படிச் செய்ததில்லை. யாரோ வந்து சொன்ன பிறகுதான் மாற்றினேன்.

அன்று மாலை கொட்டகைக்குப் போய் வண்டியோடு வந்த ஆங்கிலக் கையேட்டை எடுத்தேன். ஆறு வருடமாக அதன் மேல் உறையைக்கூட யாரும் பிரிக்கவில்லை. நானும் பிரிக்கவில்லை. கழுவும் முறை முப்பத்தோராம் பக்கத்தில் இருக்கிறது. தொட்டியை மூன்று முறை அலசு என்று ஏழு படிகளில் இருக்கிறது. எட்டாவது படி: குழாயின் இரு முனைகளிலும் உள்ள மூடிகளைக் கழற்றி, தெளிந்த தண்ணீர் வரும்வரை ஓடவிடு.

கொட்டகைச் சுவரில் ஒட்டியிருக்கும் நம் தாளில் ஏழு படிகள்தான். அதை எழுதியவன் நான். பழைய வண்டிக்கு முனை மூடி கிடையாது, அதனால் அதற்கு ஏழு போதும். புது வண்டி வந்தபோது நான் தாளைப் புதிதாக எழுதவில்லை. தலைப்பில் வண்டியின் பெயரை மட்டும் வெள்ளை மை வைத்து அழித்து மாற்றினேன். கீழே அழகாகக் கையெழுத்தும் போட்டேன். ஆறு வருடம் ஒன்றும் ஆகவில்லை, ஏனென்றால் களைக்கொல்லிக்குத் தனி வண்டி இருந்தது. சனவரியில் அது பழுதாகி, இரண்டு வேலைக்கும் ஒரே வண்டியைக் கொடுத்தோம். கொடுத்தவனும் நான்தான்.

நீ என் தாளில் இருந்ததை ஒன்று விடாமல் செய்தாய். அதனால்தான் புல் செத்தது. அன்று நான் பயந்தது, தோண்டினால் என் தாளில் வந்து நிற்கும் என்றுதான்.

படிவம் இன்னும் மேஜை மேல்தான் இருக்கிறது. 'சொந்த விருப்பத்தின் பேரில்' என்று எழுதவில்லை. வேறு எதையும் எழுதவில்லை.

தவின்


பிரான்புரி
மார்ச் 18

அன்புத் தம்பி கம்ரோனுக்கு,

படிவத்தை அனுப்பிவிட்டேன். நேற்றுக் காலை தபால் நிலையத்துக்கு நானே போய்ப் பதிவுத் தபாலில் போட்டேன். இருபதாம் தேதிக்குள் சேர்ந்துவிடும் என்று சாளரத்தில் இருந்த பெண் சொன்னாள். இரண்டு தடவை கேட்டேன், இரண்டு தடவையும் அதையேதான் சொன்னாள்.

அதற்கு முந்தின நாள் நிர்வாகியைப் பார்த்தேன். நோட்டு, அளவு நாடா, கையேடு, சுவரிலிருந்து உரித்த தாள் எல்லாவற்றையும் கொண்டு போனேன். சொல்ல வேண்டியதைக் காலையில் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்துக்கொண்டுதான் போனேன். அங்கே போனதும் வரிசை மாறிவிட்டது. முப்பத்தோராம் பக்கத்தில் ஆரம்பித்தேன்.

அவர் எல்லாவற்றையும் கேட்டார். கோபப்படவில்லை. "புல்லுதான் முளைச்சிடுச்சே பெரியவரே. பாங்காக்குக்கு அறிக்கையும் போயாச்சு, அவங்களும் மறந்தாச்சு. இப்பப் போயி இதத் தோண்டிக்கிட்டு" என்றார். அறிக்கையில் உன் பெயர் இருக்கிறது என்றேன். "யாரு பேராவது இருந்துதானே ஆகணும்" என்றார். என் பெயரைப் போடுங்கள் என்றேன். அவர் நோட்டை மூடி என் பக்கம் தள்ளினார். கிளப்பின் தாளில் எழுத வேண்டாம், வேண்டுமானால் வெள்ளைத் தாளில் உங்கள் பெயரில் எழுதிக்கொள்ளுங்கள் என்றார். பிறகு, ஏப்ரல் கடைசியில் வருடா வருடம் போடும் ஒப்பந்தத்தில் இந்த முறை நான் கையெழுத்துப் போட வர வேண்டாம், நன்றாக ஓய்வெடுங்கள் என்றார். குடியிருப்பை மே மாதக் கடைசிக்குள் காலி செய்தால் போதுமாம். கும்பிட்டுவிட்டு வந்தேன். வாசலில் செருப்பைப் போடும்போது, நீ அன்று நின்ற இடம் இதுதான் என்று தோன்றியது. வேறு ஒன்றும் தோன்றவில்லை. நேராகப் போய் நாற்றுத் திட்டுக்குத் தண்ணீர் விட்டேன்.

இரண்டாவது கேள்விக்கு நான் எழுதியது இது, உனக்குத் தெரிய வேண்டும்: 'இவர் நிற்கவில்லை, நிறுத்தப்பட்டார். காரணம், நான் எழுதிய வழிமுறையில் ஒரு படி விடுபட்டிருந்தது. குறை தொட்டியில் இல்லை, குழாய் முனைகளில்தான் என்று அறிந்தும் விசாரணையில் நான் சொல்லவில்லை. இவர் மேல் தவறு இல்லை.' மூன்றாவது கேள்வி, மறுபடி இவரை வேலைக்கு வைப்பீர்களா என்பது. அதற்கு எவ்வளவோ யோசித்தேன். 'வைக்கும் இடத்தில் நான் இனி இல்லை. இருந்திருந்தால் இவரிடம் கேட்டிருப்பேன்' என்று எழுதினேன். அது பதிலா என்று தெரியவில்லை. அடிக்காமல் விட்டுவிட்டேன். நோட்டுத் தாள், சுவர்த் தாள் இரண்டின் நகலையும் கையேட்டின் பக்கத்தையும் சேர்த்து வைத்தேன்.

இதனால் உனக்கு வேலை கிடைக்குமா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. இப்படிப்பட்ட பதிலைப் பார்த்து அவர்கள் இரண்டு பேரையுமே நம்பாமல் போகவும் கூடும். அதை நினைத்துப் பதிவுச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன்.

ராம்பையிடம் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டே நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தாள். முடித்துக் கை கழுவிவிட்டு, "மே மாசம் வரைக்கும் நேரமிருக்குல்ல, சட்டி பானைய மெதுவாக் கட்டிக்கலாம்" என்றாள். பிறகு, "கஞ்சி ஆறுது, வாங்க" என்றாள். ஏழு வாரத்துக்குப் பிறகு எதிரில் உட்கார்ந்து அவளும் சாப்பிட்டாள். உன்னைப் பற்றி நாங்கள் எதுவும் பேசவில்லை. இந்த உறை மேல் இருக்கும் முகவரி அவள் எழுத்து.

கொட்டகைச் சுவரில் புதுத் தாள் ஒட்டிவிட்டேன். எட்டுப் படிகள். கீழே கையெழுத்து இடம் காலி. உன் பெயரைப் போடலாமா என்று ஒரு நிமிடம் எண்ணி, உன்னைக் கேட்காமல் போடக்கூடாது என்று விட்டேன். ஏழாவது கிரீனில் இப்போது நடந்து பார்த்தாலும் எது எங்கே வைத்தது என்று கண்டுபிடிக்க முடியாது. எனக்குத் தெரியும்.

சொங்க்ரான் புத்தாண்டுக்கு மூத்தவர் கையில் தண்ணீர் ஊற்றிக் கும்பிட வர வேண்டும் என்று நான் உன்னைக் கேட்க முடியாது. அக்காவுக்காக வந்தால் வா. அன்று முழுவதும் நான் மைதானத்தில்தான் இருப்பேன், வீட்டில் உனக்குச் சங்கடம் இராது.

வேறு ஒன்றே ஒன்று கேட்கிறேன். அங்கேயோ வேறு எங்கேயோ உன்னிடம் ஒரு வண்டியைக் கொடுத்தால், முதல் நாள் மருந்து ஊற்றும் முன் இறங்கி நடந்து போய் இரண்டு முனை மூடிகளையும் கழற்றிவிடு. தண்ணீர் தெளிந்து வரும்வரை ஓடட்டும். கழுவியாகிவிட்டது என்று யார் சொன்னாலும் நம்பாதே. தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாலும் நம்பாதே. என் கையெழுத்தாக இருந்தால் கண்டிப்பாக நம்பாதே. நீயே குனிந்து பார்.

உன் கை பட்ட புல் எந்த ஊரிலும் பச்சையாக நிற்கட்டும்.

தவின்