கஸ்தூரி கதவு திறக்கும் நேரம்

கார்த்திகை, புதன்கிழமை இரவு.

இன்று மூன்று மணிவாக்கில், முன்கூட்டிச் சொல்லாமல் கள்ளக்குறிச்சி முதியோர் இல்லத்துக்குப் போனேன். என் மனைவி கஸ்தூரியின் இரண்டு கைகளையும் நாற்காலியோடு சேர்த்துத் துண்டால் கட்டியிருந்தார்கள். மணிக்கட்டு சிவந்திருந்தது. என் கால் ஆபரேஷனுக்குப் பிறகு, நினைவு தப்பிப்போன அவளைப் பார்த்துக்கொள்ள முடியாமல்தான் அங்கே விட்டேன்.

அவளைக் கவனித்துக்கொள்ளும் செல்வி ஓடி வந்தாள்.

"இன்னாம்மா இது?"

"தப்புதாங்க ஐயா. மூணு மணியானா எழுந்து ஓடுறாங்க. ரெண்டு தடவ வுழுந்துட்டாங்க. மதியத்துல எல்லாருக்கும் நான் ஒருத்திதாங்க" என்று அழுதாள்.

"எங்க ஓடுறா?"

"கேட்டாண்ட. வூட்டுக்காரரு மில்லுலேர்ந்து வர்ற நேரமாம். கதவு தொறக்கணுமாம்."

முடிச்சை அவிழ்த்தேன். கஸ்தூரி என்னை யாரோ போலப் பார்த்தாள். கேட் வரை மெல்ல நடத்திப் போய்ச் செல்வியின் கையில் பிடித்துக் கொடுத்தேன். நான் மட்டும் வெளியே போய், வேலையில் இருந்த காலத்தில் சர்க்கரை ஆலையில் ஷிப்ட் முடிந்து வருவது போல உள்ளே வந்தேன்.

"வந்துட்டீங்களா? மூஞ்சி கழுவிக்கினு வாங்க, சோறு போடுறேன்" என்றாள்.

இனி அவளைக் கட்டக் கூடாது, தினமும் மூன்று மணிக்கு நான் வருவேன் என்று நிர்வாகியிடம் சொன்னேன். ஞாயிறு மட்டும்தான் பார்க்க விடுவோம், இன்று உங்களை உள்ளே விட்டதே தப்பு என்றார். தெருவிலேயே நிற்பேன் என்றேன். கடைசியில் ஒப்புக்கொண்டார். மதியத்துக்கு இன்னொரு ஆள் போடுவாராம். போட்டால் சரி.

கஸ்தூரியின் அந்தக் குரலை ஒரு வருஷத்துக்குப் பிறகு இன்றுதான் கேட்டேன். விடிந்து, மதியமாகி, மூன்று மணி அடிக்க இன்னும் எவ்வளவு நேரம்.