சித்ராவதிக்குப் போன பனியன்கள்

ராயபுரம், திருப்பூர்
12-10-2008

அன்புள்ள மாப்பிள்ளை மோகன்ராஜுக்கு,

மயில்சாமி எழுதுவது. இங்கே நாங்கள் சுகம். உங்கள் கடிதத்தைக் கீதாஞ்சலி எனக்கும் வாசித்துக் காட்டினாள். ஏழு வரி. பத்தாம் வகுப்பில் விடுப்பு விண்ணப்பம் எழுதச் சொன்னால்கூடப் பையன்கள் எட்டு வரி எழுதுவார்கள், மாப்பிள்ளை. கடலில் இருப்பவருக்குச் சொல்ல விஷயமா இல்லை?

கீதாவின் பனியன் யூனிட்டில் ஆயுத பூஜை நன்றாக நடந்தது. பொரி தின்ன ஆள் இருந்தது, தைக்கத்தான் ஆர்டர் இல்லை. இருக்கும் கொஞ்ச வேலைக்கும் கரண்ட் இல்லை. நான் ரிட்டயர் ஆனபின் யூனிட்டில் போய் உட்கார்ந்து செக்கிங் பார்க்கிறேன். நாற்பது பேர் பரீட்சைத் தாளில் தப்புத் தேடிய கண், இப்போது தையலில் தேடுகிறது.

தைத்த துணியில் நூல் பிசிறு வெட்டும் வெள்ளையம்மாள் தினமும் தன் மகனைப் பற்றித்தான் பேசுகிறாள். "எங்க முனீசும் உங்க மருமகனும் ஒரே கப்பல்ல இருக்கிறது எங் குலசாமி செஞ்ச வேலை வாத்தியாரய்யா. அவன் சோம்பேறிப் பய. ரெண்டு அடி போட்டு வேலை வாங்கச் சொல்லுங்க" என்கிறாள். அடுத்த நிமிஷமே, "மெதுவாத்தான்" என்று சேர்த்துக்கொள்கிறாள்.

தீபாவளிக்கு ஒரு டஜன் கை வைத்த வெள்ளைப் பனியன் அனுப்பியிருக்கிறேன். மிஞ்சிய துணி ரோலில் தைத்தது. சுருங்காது, சீக்கிரம் காயும். கழுத்தில் லேபிள் இல்லாத பனியன் பெயர் வைக்காத பிள்ளை மாதிரி இருந்தது. போன வருஷத்து ஏற்றுமதி ஆர்டரில் மீந்த லேபிள்கள் ஒரு டப்பா நிறையக் கிடந்தன. வீணாவானேன் என்று அவற்றையே வைத்துத் தைக்கச் சொன்னேன். இப்போது பார்க்க வெளிநாட்டுச் சரக்கு மாதிரி இருக்கிறது.

உங்கள் கப்பலின் ஜாதகத்தை விவரமாக எழுதுங்கள். எட்டு வரிக்கு மேல்.

ஆசிகளுடன்,
மயில்சாமி


மும்பை
5-11-2008

அன்புள்ள மாமாவுக்கு,

மோகன் வணக்கம். இந்தத் தடவை நீங்கள் வரி எண்ண வேண்டியதில்லை.

எங்கள் கப்பல் சித்ராவதிக்கு வயது இருபது. எனக்கு முன்னால் இருந்தவர்கள் சொல்லக் கேட்டதுதான் பாதி. சுனாமி வந்தபோது நாகப்பட்டினத்துக்குக் குடிதண்ணீரும் டாக்டர்களையும் கொண்டுபோயிருக்கிறது. இரண்டு வருஷம் முன்பு லெபனானில் சண்டை நடந்தபோது நம் ஜனங்களை ஏற்றிவந்தோம், அப்போது நான் இருந்தேன். பீரங்கிக்குப் பக்கத்தில் கயிறு கட்டிக் குழந்தைத் துணி காயப்போட்டிருந்தார்கள். சண்டைக்காகக் கட்டிய கப்பல், ஆனால் இதுவரை அதன்மேல் ஒரு குண்டு பட்டதில்லை. "கன்னி கழியாத கப்பல்" என்று கிண்டல் செய்வார்கள்.

பனியன் பார்சல் வந்தது. முனீஸ் ஒரே பிடியாய் வந்து நின்றான். "அண்ணே, எங்கம்மா பிசிறு வெட்டுனதுண்ணே, எனக்கு ரெண்டு குடுக்கலேன்னா பாவம்ணே" என்றான். கொடுத்தேன். வாங்கியவன் கழுத்துப் பக்கம் திருப்பிப் பார்த்து, ஒரு நூல் நீட்டிக்கொண்டிருந்ததைக் காட்டி, "எங்கம்மாவுக்குக் கண்ணாடி போடணும்" என்று சிரித்தான். மற்றதையும் மெஸ்ஸில் ஆளுக்கொன்றாகப் பிடுங்கிக்கொண்டார்கள். எனக்கு இரண்டு மிஞ்சியது.

ஜனவரியில் ஏடன் பக்கம் போகிறோம். வியாபாரக் கப்பல்களைக் கொள்ளைக்காரர்களிடமிருந்து காப்பாற்றும் வேலை. கீதாவிடம் பயப்படாமல் இருக்கச் சொல்லுங்கள்.

அன்புடன்,
மோகன்


ராயபுரம்
22-2-2009

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

கப்பல் தாக்கப்பட்டதில் நீங்கள் பத்திரம் என்ற தகவல் வந்ததும் கீதா சாமி அறையில் போய் உட்கார்ந்தவள் சாயங்காலம்தான் எழுந்தாள். அந்த நிம்மதியைக்கூட எங்களால் வாய்விட்டுச் சொல்ல முடியவில்லை. முனீஸை இங்கேதான் கொண்டுவந்தார்கள்.

பெட்டியை மூடியே கொண்டுவந்தார்கள். கொடி போர்த்தியிருந்தது. வெள்ளையம்மாள் முகத்தையாவது பார்க்க வேண்டும் என்றாள். கூட வந்த அதிகாரி தமிழ் தெரியாதவர், கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டே தலையை ஆட்டினார். அவள் கணவர் சோணைமுத்து சாயப்பட்டறையில் வேலை பார்ப்பவர். சாயம் ஏறிய கையோடு பெட்டியைத் தடவித் தடவி, எது தலைமாடு, எது கால்மாடு என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

பத்து நாள் கழித்து அவள் வேலைக்கு வந்துவிட்டாள். "ஊட்டுல இருந்தா சுவர் பேசுதுங்க" என்றாள், நம் ஊர்ப் பேச்சு அவளுக்கும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நேற்று என்னிடம் கேட்டாள். "கப்பல்ல அடிபட்டவுக நாலு பேராமே. மூணு பேரு பொழச்சுட்டாகளாம். எம்மவன் மட்டும் ஏன் சார்?"

நான் ஆசிரியனாக இருந்தவன். தெரியாத கேள்விக்கு, நாளைக்குப் பார்த்துச் சொல்கிறேன் என்றுதான் பழக்கம். அப்படியே சொல்லிவிட்டேன். உங்களுக்குத் தெரிந்ததை எழுதுங்கள். போனில் வேண்டாம், கீதா பக்கத்திலேயே நிற்பாள்.

மயில்சாமி


மும்பை
10-3-2009

அன்புள்ள மாமாவுக்கு,

இதை நீங்கள் மட்டும் படிக்க வேண்டும்.

கொள்ளைக்காரர்கள் பிடித்துவைத்திருந்த ஒரு மீன்பிடிக் கப்பலை நிற்கச் சொன்னோம். நிற்பதுபோல வேகத்தைக் குறைத்து, பக்கத்தில் வந்ததும் ராக்கெட் விட்டார்கள். ஒன்று கடலில் விழுந்தது. இன்னொன்று எங்கள் பக்கவாட்டுத் தகட்டைத் துளைத்து ஜெனரேட்டர் அறைக்குள் வந்தது. டீசல் குழாய் அறுந்து பற்றிக்கொண்டது. உள்ளே நாலு பேர். நான் அடுத்த அறையில் இருந்தேன். தீயை அணைக்க அதிக நேரம் ஆகவில்லை மாமா. அதுதான் கொடுமை.

நாலு பேரும் ஒரே நெருப்பில்தான் நின்றார்கள். மூன்று பேருக்குக் கையும் முகமும் வெந்தது. முனீஸ் சூடு தாங்காமல் மேலங்கியின் ஜிப்பை வயிறு வரை இறக்கி விட்டிருந்தான். உள்ளே இருந்த பனியன் உருகி நெஞ்சோடு ஒட்டிவிட்டது. டாக்டர் அதை உரிக்கப் பார்த்தார், தோலும் கூட வந்தது. இரண்டு நாள் இருந்தான். பருத்தியாக இருந்திருந்தால் இவனும் மற்றவர்களோடு ஆஸ்பத்திரியில் படுத்திருப்பான் என்று டாக்டர் என் முன்னால்தான் சொன்னார்.

எங்களுக்குக் கண்டிப்பான உத்தரவு உண்டு. இயந்திர அறையில் பருத்தி தவிர வேறு எதுவும் உடம்பில் இருக்கக்கூடாது. கப்பல் கிளம்புமுன் எல்லோருடைய உடுப்பையும் சோதித்தார்கள். ஆபீசர் முனீஸின் பனியனைத் திருப்பி லேபிளை வாசித்தார். நூறு சதவீதம் பருத்தி என்று இருந்தது. "திருப்பூரா? சரி, போ" என்றார்.

விசாரணையில் அந்தப் பனியன் எங்கிருந்து வந்தது என்று கேட்டார்கள். மும்பையில் நடைபாதைக் கடையில் வாங்கினோம் என்று சொல்லிவிட்டேன். மெஸ்ஸில் கொடுத்ததையெல்லாம் திரும்ப வாங்கிக் கடலில் போட்டுவிட்டேன்.

ஒன்றே ஒன்று சொல்லுங்கள். அது என்ன துணி? கீதாவுக்குத் தெரிய வேண்டாம். முனீஸின் அம்மாவுக்குத் தெரியவே வேண்டாம்.

மோகன்


ராயபுரம்
20-3-2009

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உங்கள் கடிதத்தை வாசித்துவிட்டுக் கட்டிங் மாஸ்டரைக் கேட்டேன். "அது பி.சி. துணி தானுங்களே சார். பாலியஸ்டர் கலந்தது. உங்களுக்குத் தெரியுமுங்களே" என்றார். தெரியும். சுருங்காது என்று உங்களுக்கு எழுதியபோதே எனக்குத் தெரியும். ஆனாலும் ஒரு பனியனிலிருந்து நூலை உருவிக் கொளுத்திப் பார்த்தேன். பருத்தி நூல் காகிதம் மாதிரி எரிந்து சாம்பலாகும். இது சுருண்டு, கறுத்து, கடுகு அளவு உருண்டையாக நின்றது. விரலால் தொட்டேன். ஒட்டிக்கொண்டது.

துணி என்னவென்று தெரியும். லேபிளில் என்ன எழுதியிருக்கிறது என்பதும் தெரியும். இரண்டையும் சேர்த்துப் பார்க்கத் தோன்றவில்லை. இந்த ஊரில் லேபிள் என்பது கழுத்தில் வைத்துத் தைக்கும் ஒரு துண்டுத் துணி, மாப்பிள்ளை. அதை யாராவது நம்பி நெருப்புக்குள் போவார்கள் என்று யாரும் நினைப்பதில்லை.

பள்ளி ஆய்வகத்தில் நான் திரும்பத் திரும்பச் சொல்வது ஒன்றுதான். அமிலம் வைத்த புட்டியில் தண்ணீர் என்று சீட்டு ஒட்டினால், ஒட்டியவன் வீட்டுக்குப் போய்விடுவான், குடிக்க வருகிறவன் வேறொருவனாக இருப்பான் என்று. முப்பது வருஷம் சொன்ன பாடம்.

இப்போது இரண்டு காரியம் இருக்கிறது. வெள்ளையம்மாள் கேட்ட கேள்விக்கு நான் பதில் சொல்ல வேண்டும். தினமும் என் எதிரில்தான் உட்கார்ந்து வேலை செய்கிறாள். நீங்கள் விசாரணையில் உண்மையைச் சொல்ல வேண்டும். ஏனென்றால் அந்த ரோலில் தைத்தது ஒரு டஜன் மட்டும் அல்ல. மீதி அத்தனையையும் அதே லேபிளோடு உங்கள் மும்பை வியாபாரி ஒருவர்தான் எடுத்துப் போனார். எங்கே விற்றாரோ, தெரியவில்லை.

மயில்சாமி


மும்பை
1-4-2009

மாமாவுக்கு,

நீங்கள் ரிட்டயர் ஆகிவிட்டீர்கள். இன்னும் பாடம் நடத்தாமல் இருக்க முடியவில்லை.

விசாரணையில் சத்தியம் செய்து சொன்னதை மாற்றினால் என்ன ஆகும் தெரியுமா? என் ரேங்க் போகும். பதினான்கு வருஷ சர்வீஸ் போகும். கீதாவின் யூனிட்டை மூடுவார்கள். அந்த அம்மாவுக்கு மட்டும் என்ன கிடைக்கும்? நெஞ்சில் ராக்கெட் பட்டுச் செத்தான், நாட்டுக்காகச் செத்தான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். தான் பிசிறு வெட்டிய பனியன் கொன்றது என்று தெரிந்தால் மட்டும் நிம்மதியாகத் தூங்குவாரா?

இங்கே சித்ராவதியைக் கரையேற்றி, கருகிய தகட்டை வெட்டி எடுக்கிறார்கள். ஓட்டை வழியாக வெளியே துறைமுகம் தெரிகிறது. தினமும் அந்த அறைக்குள் நின்றுதான் வேலை பார்க்கிறேன். நீங்கள் எனக்கு உண்மையைப் பற்றி எழுதுகிறீர்கள்.

அந்த அம்மாவிடம் சொன்னால், எனக்கு மாமனார் என்று ஒருவர் இல்லை என்று வைத்துக்கொள்வேன்.

மோகன்ராஜ்


ராயபுரம்
26-4-2009

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

சொல்லிவிட்டேன்.

முதலில் கீதாவிடம். மூன்று நாள் என்னோடு பேசவில்லை. நாலாம் நாள் அவளே அந்த வியாபாரிக்குப் போன் போட்டாள். சரக்கெல்லாம் துறைமுகத்துப் பக்கம் சந்துக் கடைகளில் போட்டாராம். "நேவி பசங்கதான் வாங்குவாங்க, லேபிள் பாத்துதான் வாங்குவாங்க" என்று சந்தோஷமாகச் சொன்னாராம். கீதா போனை வைத்துவிட்டு, "நானும் வர்றேனுங்கப்பா" என்றாள். இரண்டு பேருமாகப் போனோம்.

வெள்ளையம்மாள் இருப்பது லைன் வீடு. ஞாயிற்றுக்கிழமை, சோணைமுத்துவும் இருந்தார். நான் நின்றுகொண்டே சொன்னேன். எந்தத் துணி, யார் லேபிள் வைக்கச் சொன்னது, நெருப்பில் என்ன ஆனது, எல்லாம். சோணைமுத்து எழுந்து என் சட்டையைப் பிடித்தார். "எம் புள்ளைய சோடிச்சு நெருப்புக்கு அனுப்புனீகளாக்கும்! வெளிய போய்யா!" என்றார். பக்கத்து வீட்டுக்காரர்கள் கூடிவிட்டார்கள். கீதா அழுதாள். அவரைத் தடுக்க எனக்கு மனம் வரவில்லை.

வெள்ளையம்மாள்தான், "விடுங்க. அந்தாளு சொல்லாமலே இருந்திருக்கலாம்ல" என்றாள். பிறகு கணவரை உட்கார வைத்தாள். கடைசியில், "அது அவனுக்கு அளவா இருந்துச்சா சார்?" என்று கேட்டாள். எனக்கு விளங்கவில்லை. "அவனுக்குத் தோள் அகலம். நேவியில குடுத்தது கை இடுக்குல பிடிக்குதுன்னு சொல்லிக்கிட்டே இருப்பான். ஒங்க மருமகன்ட்ட கேட்டுச் சொல்லுங்க" என்றாள்.

மறுநாளிலிருந்து அவள் வேலைக்கு வரவில்லை. வீட்டைக் காலி செய்துகொண்டு பல்லடம் பக்கம் போய்விட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். பனியன் வேலைக்கு இனிப் போகமாட்டாளாம்.

மாப்பிள்ளை, அந்தச் சந்துக் கடைகளில் வாங்கியவர்கள் இன்று எந்தெந்தக் கப்பலில் இருக்கிறார்களோ தெரியாது. நீங்கள் சொல்லுவீர்கள் என்று ஒரு மாதம் காத்திருப்பேன். அதற்குப் பிறகு விசாரணைக் குழுவுக்கு நானே எழுதுவேன். இதை மிரட்டலாக நினைப்பீர்கள். என்ன பெயர் வைத்தாலும் எழுதுவேன்.

மயில்சாமி


மும்பை
30-8-2009

திரு. மயில்சாமி அவர்களுக்கு,

விசாரணைக் குழுவுக்கு நீங்கள் எழுதுவதற்கு முன்பே, மே மாதத்தில் நானே போய்ச் சொன்னேன்.

துறைமுகத்தில் நின்ற எல்லாக் கப்பல்களிலும் பெட்டி பெட்டியாகத் திறந்து பார்த்தார்கள். அந்த லேபிள் போட்ட பனியன்கள் மூன்று சாக்கு கிடைத்தன. நீர்மூழ்கியில் வேலை செய்கிறவர்களிடம்கூட இருந்தது. கப்பல் பட்டறைக்குப் பின்னால் குப்பை எரிக்கும் இடத்தில் போட்டு எரித்தார்கள். எரிந்து முடியும் வரை நான் நிற்க வேண்டும் என்று உத்தரவு. நின்றேன். அந்த வாசனை எனக்கு முன்பே தெரியும்.

பொய்ச் சாட்சிக்காக ரேங்கைக் குறைத்துவிட்டார்கள். கப்பலிலிருந்தும் இறக்கிவிட்டார்கள். இப்போது கரையில் ஸ்டோரில் கணக்குப் பார்க்கிறேன். போன வாரம் சித்ராவதி மறுபடியும் கடலுக்குப் போனது. புதுத் தகடு வைத்து, சாம்பல் பெயிண்ட் அடித்து, எங்கே அடிபட்டது என்று கண்டுபிடிக்க முடியாதபடி செய்திருக்கிறார்கள். கூட இருந்தவர்கள் எல்லோரும் மேல்தளத்தில் வரிசையாக நின்றார்கள். நான் துறைமேடையில் நின்று பார்த்தேன். யாரும் கை அசைக்கவில்லை. அசைக்கக்கூடாது என்பது விதி. விதி இல்லாவிட்டாலும் அசைத்திருக்க மாட்டார்கள்.

நீங்கள் செய்தது சரி. அது எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டேதான் எழுதுகிறேன், உங்களை இனி என்னால் மாமா என்று கூப்பிட முடியாது. எனக்குக் கெடு வைத்தீர்கள். கீதாவுக்குத் தனியாக எழுதியிருக்கிறேன். அவள் இங்கே வருகிறாள். நீங்கள் வர வேண்டாம். கடிதமும் வேண்டாம்.

முனீஸின் அம்மா எங்கே இருந்தாலும் தேடிப்போய் ஒன்று மட்டும் சொல்லிவிடுங்கள். அது அவனுக்கு அளவாகத்தான் இருந்தது. தோளில் பிடிக்கவே இல்லை என்று கையைச் சுழற்றிக் காட்டினான்.

மோ. மோகன்ராஜ்