அவரை மட்டும் வெட்டி எடுப்பது

ஐப்பசி 5, புதன்

காலையிலிருந்து தூறல். மெட்ரோ பள்ளம் முழுக்கத் தண்ணீர். கொத்தமல்லி வாங்க மறந்தாச்சு.

ஞாயிறு அவருக்கு வருஷ தெவசம். மாட்டுவதற்குப் படம் வேண்டும். மகன் சொல்கிறான், "ஆதார்ல கீற போட்டோவையே பெருசு பண்ணிக்கலாம்மா." அதில் ஊசி போட்ட பிள்ளை மாதிரி இருக்கிறார்.

சிரித்த படம் ஒன்றே ஒன்று. கொழுந்தனார் கல்யாணத்தில் எடுத்தது. பக்கத்தில் ஒட்டிக்கொண்டு கோமளா. அவருடைய மாமன் மகள், முதலில் அவருக்குப் பேசி வைத்திருந்தவள். பச்சைப் பட்டு, அரக்கு பார்டர். முப்பத்தெட்டு வருஷமாகியும் பார்டர் அகலம்கூடச் சொல்வேன். காதில் ஏதோ சொல்லியிருப்பாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரிக்கிறார். என்னோடு எடுத்த எந்தப் படத்திலும் பல் தெரியாது.

ஸ்டூடியோவில் கொடுத்தால், "யாரு ஆயா இந்தம்மா" என்பான். நானே வெட்டுவேன். மாடியில் குடியிருக்கும் நித்யா, தூத்துக்குடிப் பெண், ஐ.டி. வேலை, லேப்டாப்பில் படத்தை ஏற்றிக் கொடுத்தாள். முதலில் ஓரங்களைச் சதுரமாக நறுக்குகிற கருவி. படத்தின் ஓரத்தில் பாதி தெரிகிற சாம்பார் வாளி ஒன்று. வெட்டி எறிந்தேன். சுலபம்.

6, வியாழன்

மழை இல்லை. முட்டி வலி.

இன்று மந்திரக்கோல் கருவி. ஒரு இடத்தைத் தொட்டால் அதே நிறம் உள்ளதையெல்லாம் தானே பிடித்துக்கொள்ளுமாம். அவர் முடியைத் தொட்டேன். எறும்பு வரிசை போல ஒரு கோடு ஓடி, கோ.வின் கொண்டையையும் சேர்த்து வளைத்தது. அவ்வளவு ஒட்டி நின்றிருக்கிறாள்.

"ரெண்டு பேர் முடியும் ஒரே கருப்புல்லா பாட்டி, அதுக்கு என்ன தெரியும்" என்று நி. சிரிக்கிறாள். மூடிவிட்டு வந்துவிட்டேன்.

8, சனி

புள்ளி புள்ளியாக வைத்துக்கொண்டே போய்ச் சுற்றி வளைக்கிற கருவி. இது எனக்குக் கை வந்த வேலை. முப்பது வருஷம் ஜாக்கெட் வெட்டியவள். தோளில் ஆரம்பித்து, முழங்கை திரும்பி, கீழே வரைக்கும். டிலீட். கோ. போனாள். நி. வாயைப் பிளந்தாள்.

குமணன்சாவடி போய் பிரிண்ட். கையில் வாங்கிய பிறகுதான் கவனித்தேன். அவர் கையை ஒட்டி நெடுகப் பச்சை. பழக்கதோஷம். தையலுக்கு அரை விரல் விட்டே வெட்டியிருக்கிறேன்.

மாலை போட்டால் மறையும்.

9, ஞாயிறு

ஐயர் ஒன்பதரைக்கு. வடை நன்றாக வந்தது. மாலை மறைக்கவில்லை.

கோ. வந்தாள். தலைக்குச் சாயம். நேராகப் படத்தின் முன்னால் போய் நின்றாள்.

"இன்னாக்கா, இது என் பச்சப் பட்டாச்சே."

அப்பளம் பொரிக்கப் போனேன். பின்னாலேயே வந்தாள்.

"என்னிய வெட்டிக்கோ, பரவால்ல. ஆனா அந்தச் சிரிப்பு உன்னாலதான் தெரியுமா? பந்தில சாம்பார் வாளிய தூக்கிக்கினு வந்த. வாழத்தோல்ல வழுக்கி, வாளிய உடாம அப்டியே குந்திக்கின. மாமா உன்னப் பாத்துத்தான் சிரிச்சாரு. அப்பறம் எத்தினி வாட்டி எங்கிட்ட சொல்லிச் சொல்லிச் சிரிச்சாரு."

அவள் பார்டர் அகலம் நினைவிருக்கிறது. நான் விழுந்தது நினைவில்லை. என்னிடம் அவர் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவளிடம் எத்தனையோ தடவை.

புதன்கிழமை வெட்டி எறிந்தேனே, அந்த வாளி.